மூன்றிலும் வென்ற அணி ஏன் மூன்றாம் இடத்தில்? ஃபான்டசி கூடைப்பந்து லீக்கின் தொடக்ககாலத் தரவரிசையைப் புரிந்துகொள்வது எப்படி

நவம்பர் நடுப்பகுதியில் வன்னியின் வயல்களில் காலபோக விதைப்பு முடிந்து பயிர் பச்சை பிடித்திருக்கும். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துப் பருவம் ஒக்டோபர் கடைசியில் தொடங்குவதால், அதே நாட்களில் அதுவும் மூன்று வாரத்தைக் கடந்திருக்கும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இருப்பவர்கள் ரொறன்ரோவிலுள்ள மச்சான்மாருடனும் சித்தப்பா பிள்ளைகளுடனும் சேர்ந்து, என்பிஏ வீரர்களைத் தெரிவு செய்து கற்பனை அணி அமைத்து நடத்தும் ஃபான்டசி லீக்குகளில் வாக்குவாதம் சூடு பிடிப்பது இந்த வாரங்களில்தான்.

வாக்குவாதம் பெரும்பாலும் ஒன்றே. செயலியின் புள்ளிப்பட்டியலில் ஓர் அணி மூன்று வாரமும் வென்று முதலிடத்தில் நிற்கிறது. லீக்கில் ஒருவர் கணக்குப் போட்டு எழுதிய வலிமை வரிசையிலோ அதே அணி மூன்றாவதாகவோ நான்காவதாகவோ இருக்கிறது. ஒரு வெற்றி மட்டுமே பெற்ற அணிக்கு அங்கே முதலிடம். வென்றவர் கோபப்படுகிறார், எழுதியவர் எண்களைக் காட்டுகிறார், பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இரண்டும் புரியவில்லை.

இரண்டு பட்டியலும் சரியாகவே இருக்கலாம். அவை விடை சொல்லும் கேள்விகள் வேறு. இதுவரை என்ன நடந்தது என்பதைப் புள்ளிப்பட்டியல் சொல்கிறது. இனி என்ன நடக்க வாய்ப்பு அதிகம் என்பதை வலிமை வரிசை சொல்ல முயல்கிறது. மூன்று வாரத் தகவலை வைத்து இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வது எவ்வளவு கடினம் என்பதையும், அதை நேர்மையாகச் செய்யும் வழியையும் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

லீக் எப்படி நடக்கிறது

ஃபான்டசி லீக்கில் எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை சேர்வது வழக்கம். பருவம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் முறை வைத்து என்பிஏ வீரர்களைத் தெரிவு செய்கிறார்கள். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். வரிசை பாம்புபோல வளைந்து திரும்பும்: பன்னிரண்டு பேர் லீக்கில் முதலாவதாகத் தெரிவு செய்தவருக்கு அடுத்த வாய்ப்பு 24ஆவதாக வரும், அதை அடுத்து உடனே 25ஆவதும் அவருக்கே. ஒரு லீக்கில் ஒரு வீரர் ஓர் அணிக்கு மட்டுமே சொந்தம்.

அதன்பின் அந்த வீரர்கள் உண்மையான ஆட்டங்களில் செய்வதெல்லாம் தெரிவு செய்தவரின் கணக்கில் ஏறும். வாரம் ஒருவரோடு மோதல். யாருடைய கூட்டுத்தொகை அதிகமோ அவருக்கு வெற்றி. மார்ச்சில் முன்னணி அணிகள் மட்டும் இறுதிச் சுற்றுகளில் ஆடும்.

இந்த வகை விளையாட்டு பேஸ்பாலில் பரவத் தொடங்கியது 1980இல். டானியல் ஒக்ரென்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் நியூயோர்க்கில் ஓர் உணவகத்தில் கூடிப் பேசி அமைத்த லீக் அது. அந்த உணவகத்தின் பெயரால் அந்தக் கணக்கு முறையை இன்றும் ரோட்டிசெரி என்கிறார்கள்.

கணக்கில் ஏறும் விடயங்களில் சில வன்னி வாசகருக்குப் பழக்கமில்லாதவை. நம் பாடசாலை மைதானங்களில் அதிகம் ஆடப்படுவது வலைப்பந்து. அதில் வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் முடியாது. கூடைப்பந்தில் இரண்டும் உண்டு. வளையத்தில் விழாமல் திரும்பி வரும் பந்தைப் பற்றுவது ரீபவுண்ட். கோல் விழக் காரணமான கடைசிப் பரிமாற்றம் அசிஸ்ட். எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது ஸ்டீல். எறியும் பந்தை வழியில் தடுப்பது பிளாக். பந்தை எதிரணியிடம் இழப்பது டர்னோவர். தவறு இழைக்கப்பட்டதற்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்பு ஃப்ரீ த்ரோ.

லீக்குகளில் இரண்டு வகை பெருவழக்கு.

1. புள்ளி லீக். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஒரு லீக்கில் எடுத்த புள்ளிக்கு 1, ரீபவுண்டுக்கு 1.2, அசிஸ்டுக்கு 1.5, ஸ்டீலுக்கும் பிளாக்குக்கும் 3, டர்னோவருக்குக் கழித்தல் 1 என்று வைத்துக்கொள்வோம். 20 புள்ளி, 10 ரீபவுண்ட், 4 அசிஸ்ட், 1 ஸ்டீல், 2 பிளாக், 3 டர்னோவர் எடுத்த வீரருக்கு அன்று 44 சேரும்.

2. பிரிவு லீக். புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக், மூன்று புள்ளி எறிதல் (தொலைவுக் கோட்டுக்கு வெளியே நின்று எறிவது), கள எறிதல் (ஃப்ரீ த்ரோ அல்லாத எறிதல்) சதவீதம், ஃப்ரீ த்ரோ சதவீதம், டர்னோவர் என்ற ஒன்பதும் தனித்தனிப் போட்டிகள். வார முடிவு 6-3, 5-4 என்று வரும்.

முதலில் புள்ளி லீக்கைப் பார்ப்போம். குழப்பத்தின் வேர் அங்கே தெளிவாகத் தெரியும்.

ஒரே மொத்தம், வேறு வேறு இடம்

ஆறு அணிகள் கொண்ட ஒரு லீக்கைக் கணக்குக்காகக் கற்பனை செய்துகொள்வோம். அணிகளுக்கு நம் ஊர்ப் பெயர்களையே வைப்போம். மூன்று வாரங்களில் ஒவ்வோர் அணியும் எடுத்தவை இவை:

பரந்தன்: 1180, 1110, 1170
மாங்குளம்: 1320, 1200, 1250
மல்லாவி: 1290, 1260, 1310
ஒட்டுசுட்டான்: 1010, 1275, 1090
நெடுங்கேணி: 1140, 1090, 1230
துணுக்காய்: 1060, 1150, 1120

முதல் வாரம் பரந்தனுக்கு ஒட்டுசுட்டானுடன் மோதல், இரண்டாம் வாரம் நெடுங்கேணியுடன், மூன்றாம் வாரம் துணுக்காயுடன். மூன்றிலும் வெற்றி. மல்லாவி முதல் வாரம் மாங்குளத்திடம் தோற்றது. 1290 எடுத்தும் தோல்வி, எதிரில் நின்றவர் 1320 எடுத்துவிட்டார். இரண்டாம் வாரம் 1260 எடுத்தும் ஒட்டுசுட்டானிடம் தோல்வி, ஏனென்றால் ஒட்டுசுட்டான் தன் மூன்று வாரத்தில் சிறந்த வாரத்தை அன்றுதான் ஆடியது. மூன்றாம் வாரம் நெடுங்கேணியை வென்றது.

புள்ளிப்பட்டியலில் பரந்தன் 3-0, மாங்குளம் 3-0, மல்லாவி 1-2.

இப்போது பரந்தனையும் நெடுங்கேணியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பரந்தனின் மொத்தம் 3460. நெடுங்கேணியின் மொத்தமும் 3460. ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை. ஒன்று 3-0 என்று மேலே நிற்கிறது, மற்றது 1-2 என்று கீழே கிடக்கிறது. இரண்டையும் பிரித்தது அவை எந்த வாரம் யாரோடு மோதின என்பது மட்டுமே. அந்த மோதல் வரிசையைச் செயலி குலுக்கிப் போட்டது. எந்த அணியின் திறமைக்கும் அதில் பங்கில்லை.

எல்லோரோடும் மோதவிடும் கணக்கு

மோதல் வரிசையின் அதிர்ஷ்டத்தை நீக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு வாரமும் ஓர் அணியை மற்ற ஐந்து அணிகளோடும் மோதவிட்டதாகக் கணக்கிடுவது. முதல் வாரம் மாங்குளம் 1320 எடுத்து எல்லோரையும் விட மேலே நின்றது, ஆகவே 5-0. மல்லாவி மாங்குளத்தைத் தவிர எல்லோரையும் வென்றிருக்கும்; 4-1. ஒட்டுசுட்டான் 0-5.

மூன்று வாரத்தையும் இப்படிக் கூட்டினால் வரும் பட்டியல்:

1. மல்லாவி 13-2
2. மாங்குளம் 12-3
3. பரந்தன் 6-9
4. ஒட்டுசுட்டான் 5-10
4. நெடுங்கேணி 5-10
6. துணுக்காய் 4-11

தோற்காத பரந்தன் இங்கே மூன்றாவது. அதுவும் தோல்விகள் அதிகமுள்ள மூன்றாவது. ஒரே ஒரு வெற்றி பெற்ற மல்லாவிக்கு முதலிடம். வலிமை வரிசை எழுதுபவரின் மேல் வரும் கோபத்தில் பெரும் பகுதி இந்த ஒரு கணக்கைப் பார்த்தவுடன் தணிந்துவிடும். ஆகவே லீக் நடத்துபவர்கள் ஒவ்வொரு திங்களும் இதைப் புள்ளிப்பட்டியலுக்குப் பக்கத்தில் போட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆறு அணிக்கு ஐந்து நிமிட வேலை.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதன்று. சம புள்ளி எடுத்த அணிகளைப் பிரிக்க நிகர ஓட்ட வீதத்தைப் பார்க்கிறோம். எத்தனை முறை வென்றாய் என்பதோடு எவ்வளவு நன்றாக ஆடினாய் என்பதையும் கேட்கும் முறை அது. எல்லோரோடும் மோதவிடும் கணக்கும் அதைத்தான் கேட்கிறது.

மூடைக் கணக்கும் ஏக்கர் கணக்கும்

ஒரு கமக்காரர் 75 மூடை நெல் எடுத்தார், இன்னொருவர் 60 மூடை எடுத்தார் என்றால், யாருடைய வயல் நன்றாக விளைந்தது என்று வன்னியில் எவரும் உடனே சொல்லமாட்டார்கள். எத்தனை ஏக்கர் என்று முதலில் கேட்பார்கள். 75 மூடை மூன்று ஏக்கரில், 60 மூடை இரண்டு ஏக்கரில் என்றால், ஏக்கருக்கு 25க்கும் 30க்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஃபான்டசி கணக்கில் ஏக்கர் என்பது ஆட்டங்களின் எண்ணிக்கை. என்பிஏயில் 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் பருவத்தில் 82 ஆட்டங்கள். ஆனால் அவை வாரத்துக்கு வாரம் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. ஒரு வாரத்தில் ஓர் அணிக்கு நான்கு ஆட்டம் இருக்கும், இன்னொன்றுக்கு இரண்டு. பருவம் வழமையாகச் செவ்வாய்க்கிழமை தொடங்குவதால் முதல் வாரமே குறை வாரம். ஒருவருடைய வீரர்கள் அந்த வாரம் கூட்டாக 40 ஆட்டம் ஆடி 1180 எடுக்கிறார்கள், மற்றவருடையவர்கள் 35 ஆட்டம் ஆடி 1140 எடுக்கிறார்கள் என்றால், வார வெற்றி முதலாமவருக்கு. ஆட்டத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால் 29.5க்கு எதிராக 32.6. தரமான அணி இரண்டாவதுதான். பருவம் நீள நீள ஆட்ட எண்ணிக்கை எல்லோருக்கும் ஏறத்தாழச் சமப்பட்டுவிடும். மூன்று வாரத்தில் சமப்படாது.

இங்கே வன்னிக்கே உரிய ஒரு சிக்கலும் சேர்கிறது. ரொறன்ரோவில் இரவு 7.30 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் கிளிநொச்சியில் மறுநாள் அதிகாலை 5 மணிக்கு. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை மாற்றிய பிறகு காலை 6 மணி. ஒரு வீரர் காயத்தால் அன்று ஆடமாட்டார் என்ற கடைசிச் செய்தி ஆட்டத்துக்குச் சற்று முன்னர்தான் உறுதியாகும். ரொறன்ரோவில் இருப்பவர் வேலை முடித்து வீட்டில் இருந்தபடி அவரை நீக்கி மற்றொருவரைப் போட்டுவிடுவார். வன்னியில் இருப்பவர் நித்திரையில் இருப்பார். காலையில் எழுந்து பார்த்தால் அந்த இடம் வெறுமையாகவே கழிந்திருக்கும். மூன்று வாரத்தில் இப்படி ஆறேழு வெற்று இடங்கள் சேர்ந்தால் நல்ல அணியும் பட்டியலில் கீழிறங்கும். ஆகவே அணியைத் தரப்படுத்துபவர் வெற்று இடங்களைத் தனியே எண்ணிக்கொள்ள வேண்டும். வீரர்களின் குறையும் அணி நடத்துபவரின் நித்திரையும் ஒரே எண்ணுக்குள் கலந்து கிடக்கக்கூடாது.

எந்த எண்ணை நம்பலாம்?

ஆட்ட எண்ணிக்கையைச் சரி செய்த பிறகும் பெரிய கேள்வி மிஞ்சுகிறது. மூன்று வாரத்தில் ஒரு வீரர் ஆடியது சுமார் பத்து ஆட்டம். பருவத்தின் எட்டில் ஒரு பங்கு. அவர் இதுவரை காட்டியது அவருடைய உண்மையான தரமா, தற்செயலா?

2013 ஒக்டோபர் 30 அன்று பிலடெல்ஃபியா அணியின் புதுமுக வீரர் மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ் தன் முதல் என்பிஏ ஆட்டத்தில் மயாமி ஹீட்டுக்கு எதிராக 22 புள்ளி, 12 அசிஸ்ட், 7 ரீபவுண்ட், 9 ஸ்டீல் எடுத்தார். மயாமி அப்போதைய நடப்புச் சம்பியன். மேலே சொன்ன மதிப்பின்படி, டர்னோவரைக் கழிக்காமல், ஒரே ஆட்டத்தில் 75.4. அதில் 27 ஸ்டீலால் மட்டும் வந்தது. அந்தப் பருவம் முடிந்தபோது அவருடைய ஸ்டீல் சராசரி ஆட்டத்துக்கு 1.9, அதாவது 5.7 மதிப்பு. அவர் நல்ல வீரர்தான், அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதையும் பெற்றார். ஆனால் ஒன்பது ஸ்டீல் மறுபடி மறுபடி வரும் என்று நம்பித் தன் அணியின் தரத்தை உயர்த்திக்கொண்டவர் ஏமாந்திருப்பார். அவருடைய பிலடெல்ஃபியா அணியும் முதல் மூன்று ஆட்டங்களில் வென்றது. பிறகு தொடர்ந்து 26 ஆட்டம் தோற்ற ஒரு காலத்தையும் கடந்து 19-63 என்று பருவத்தை முடித்தது.

மறு பக்கமும் உண்டு. 2024-25 பருவத்தில் இண்டியானா பேசர்ஸ் முதல் 25 ஆட்டத்தில் 10 வெற்றி, 15 தோல்வி. அதன்பின் 40-17 என்று ஆடி 50-32இல் முடித்து, இறுதிப் போட்டி வரை சென்று ஓக்லஹோமா சிட்டியிடம் ஏழாவது ஆட்டத்தில்தான் தோற்றது.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் பழமொழி. மூன்றரை மாத நெல்லை விதைத்தவர் மூன்று வாரத்தில் பயிரைப் பார்த்துப் பல விடயம் சொல்வார்: நெருக்கமாக முளைத்திருக்கிறதா, களை எவ்வளவு, நீர் நிற்கிறதா. கதிரில் எத்தனை மணி பிடிக்கும் என்று அவர் சொல்லமாட்டார். கூடைப்பந்திலும் சில எண்கள் முளையிலே தெரிபவை, சில கதிரில்தான் தெரிபவை. இந்த வேறுபாடுதான் முழு விடயத்துக்கும் திறவுகோல்.

ஒரு வீரர் ஆடும் நிமிடங்களைப் பயிற்றுநர் தீர்மானிக்கிறார். கடந்த ஆண்டு 22 நிமிடம் ஆடியவர் இந்த ஆண்டு பத்து ஆட்டத்திலும் 33 நிமிடம் ஆடினால் அது தற்செயல் இல்லை. அவருக்குப் புதிய பொறுப்பு கிடைத்திருக்கிறது. எத்தனை முறை எறிகிறார், எத்தனை முறை பந்து அவர் கையில் வருகிறது என்பவையும் அப்படித்தான். அவை மனிதர்கள் எடுத்த முடிவுகள், ஆகவே விரைவாக நிலைபெறும்.

எறிந்த பந்து விழுந்ததா என்பது வேறு வகை. மூன்று புள்ளி எறிதலில் உண்மையான திறமை 36 சதவீதம் உள்ள ஒருவர் முதல் ஐந்து ஆட்டத்தில் 30 முறை எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிகழ்தகவுக் கணக்கின்படி, திறமை துளியும் மாறாமலே அவருடைய சதவீதம் 27 முதல் 45 வரை எங்கும் நிற்கலாம். அதற்குள் நிற்பதற்கான வாய்ப்பே மூன்றில் இரண்டு பங்குதான். 300 முறை எறிந்த பிறகு அந்த இடைவெளி 33 முதல் 39 என்று சுருங்கும். ஆகவே நவம்பரில் 45 சதவீதம் காட்டும் வீரரும் 27 சதவீதம் காட்டும் வீரரும் உள்ளபடி ஒரே தரத்தவர்களாக இருக்கலாம்.

இப்படி உச்சியில் நிற்கும் எண் காலப்போக்கில் நடுவை நோக்கி இறங்குவதை ஆங்கிலேய ஆய்வாளர் பிரான்சிஸ் கால்ட்டன் 1886இல் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை அளந்து காட்டினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியில் உயரமானவர்களே, ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. மிக நன்றாகத் தொடங்கிய அணியும் பெரும்பாலும் நல்ல அணியே. தொடக்கம் காட்டிய அளவுக்கு நல்லதாக இருப்பது குறைவு.

பிரிவு லீக்கில் கூடுதல் சிக்கல்

ஒன்பது பிரிவு லீக்கில் தரப்படுத்துவது இன்னும் கடினம். அங்கே ஒரே அணி எதிராளிக்கு ஏற்றபடி வலிதாகவும் நலிவாகவும் தெரியும்.

யானிஸ் அன்டெடோகும்போ ஆட்டத்துக்குச் சுமார் பத்து ஃப்ரீ த்ரோ எறிபவர். அண்மைய பருவங்களில் நூற்றுக்கு 60களில்தான் அவருக்கு விழுகிறது. சதவீதப் பிரிவில் எத்தனை முறை எறிகிறார் என்பதுதான் எடை. மற்றவர்கள் கூட்டாக 30இல் 27 போட்டால் 90 சதவீதம். அதோடு ஒருவர் 10இல் 6 மட்டும் போட்டால் அணியின் கணக்கு 40இல் 33, அதாவது 82.5. ஆகவே அவரை எடுத்தவர்கள் பலர் ஃப்ரீ த்ரோப் பிரிவை முற்றாகக் கைவிட்டு மற்ற எட்டில் வெல்லத் திட்டமிடுவார்கள். அந்த அணியை ஒன்பது பிரிவின் சராசரியால் தரப்படுத்தினால் அதற்கு அநீதி நடக்கும். அது ஒன்பதில் ஒன்பதும் கேட்கவில்லை, ஐந்து போதும். வார வெற்றியை மட்டும் எண்ணும் லீக்கில் இந்தத் திட்டம் நன்றாக வேலை செய்யும். வென்ற ஒவ்வொரு பிரிவையும் பருவம் முழுவதும் கூட்டும் லீக்கில் வாரா வாரம் ஒன்றை இழந்துகொண்டே இருக்கும்.

எவ்வளவு நுண்ணிய இடத்தில் ஒரு வாரம் திரும்பிவிடும் என்பதற்கு ஒரு காட்சி. அமெரிக்காவில் ஞாயிறு இரவின் கடைசி ஆட்டம் வன்னியில் திங்கள் காலை. பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும் ஒருவர் கைத்தொலைபேசியைப் பார்க்கிறார். எட்டுப் பிரிவுகள் 4-4 என்று முடிந்துவிட்டன. எஞ்சியது ஃப்ரீ த்ரோ. அவர் அணி 133இல் 108, அதாவது 81.2 சதவீதம். எதிராளி ஆட்டம் முடித்து 81.1இல் நிற்கிறார். இவருடைய மாற்று வீரர் ஒருவருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைக்கிறது. ஒன்று விழுகிறது, ஒன்று வளையத்தில் பட்டு வெளியே போகிறது. 135இல் 109, 80.7. வாரம் 5-4 என்ற வெற்றியிலிருந்து 4-5 என்ற தோல்விக்கு மாறிவிட்டது. இரண்டும் விழுந்திருந்தால் 81.5. புள்ளிப்பட்டியல் அந்த ஒரு பந்தைத் தோல்வி என்று பதிந்து வைக்கும். அணியின் தரத்தில் கடுகளவும் மாறவில்லை.

எனவே பிரிவு லீக்கில் எல்லோரோடும் மோதவிடும் கணக்கு இன்னும் அவசியம். நேரம் இருந்தால் ஒவ்வொரு பிரிவிலும் அணி லீக் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும் பார்க்கலாம். 0.1 சதவீதத்தில் தோற்ற பிரிவும் பத்துச் சதவீதத்தில் தோற்ற பிரிவும் அப்போது வேறாகத் தெரியும்.

இதனால் என்ன மாறுகிறது?

தரவரிசை பெருமைக்கான பட்டியல் மட்டும் என்றால் இவ்வளவு கணக்கு வேண்டியதில்லை. அதை நம்பி எடுக்கும் முடிவுகள் மார்ச் வரை தொடரும்.

1. வீரர் பரிமாற்றம். 1-2 என்று நிற்கும் மல்லாவிக்காரர் பதறி நல்ல வீரரை விற்கக்கூடும். 13-2 என்ற கணக்கைப் பார்த்தவர் விற்கமாட்டார். அதுபோலவே, நிமிடங்கள் குறையாமல் சதவீதம் மட்டும் விழுந்திருக்கும் வீரரை மலிவாக வாங்க நவம்பரே ஏற்ற காலம்.

2. காயம். சிறந்த வீரர் முதல் மூன்று வாரம் காயத்தில் இருந்த அணி, பட்டியல் காட்டுவதைவிட வலிமையானது. எதிர்த்திசையிலும் எச்சரிக்கை தேவை. விக்டர் வெம்பன்யாமா 2024-25 பருவத்தில் ஆட்டத்துக்கு 3.8 பிளாக் எடுத்தார். 46 ஆட்டத்தோடு, பெப்ரவரியில், தோளில் இரத்தக்கட்டி கண்டறியப்பட்டுப் பருவம் முடிந்துபோனது. நவம்பரின் எந்தக் கணக்கும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

3. மார்ச் அட்டவணை. இறுதிச் சுற்று வாரங்களில் யாருடைய வீரர்களுக்கு எத்தனை ஆட்டம் என்பது அட்டவணையில் இப்போதே இருக்கிறது. அதைப் பார்ப்பவர்கள் குறைவு.

பழைய மதிப்பீட்டை எப்போது கைவிடுவது?

டிராஃப்ட் நாளில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு மதிப்பீடு இருந்தது. அது வீரர்களின் பல ஆண்டு ஆட்டத்தை வைத்துப் போட்டது. மூன்று வாரத்துக்காக அதைத் தூக்கி எறிவதும் தவறு, மூன்று வாரத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் தவறு. இரண்டையும் கலக்க வேண்டும்.

நான் பயன்படுத்தும் விதி எளியது. முடிந்த வாரங்களின் எண்ணிக்கையை, அதோடு ஆறைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். அதுவே புதிய முடிவுகளுக்குக் கொடுக்கும் எடை. மூன்று வாரம் முடிந்தால் ஒன்பதில் மூன்று. ஆறு வாரம் முடிந்தால் சரிபாதி. அந்த ஆறு என்பது என் அனுபவத் தெரிவு. அதிகம் ஆள் மாற்றும் லீக்கில் நான்கு வைக்கலாம், மாற்றமே நடக்காத லீக்கில் எட்டு வைக்கலாம்.

நம் உதாரணத்துக்குத் திரும்புவோம். டிராஃப்ட் நாளில் பரந்தனுக்கு வாரம் 1240 என்றும் மல்லாவிக்கு 1150 என்றும் மதிப்பிட்டிருந்தோம் என வைத்துக்கொள்வோம். இதுவரை பரந்தனின் வாரச் சராசரி 1153, மல்லாவியினது 1287. மூன்று வார எடையைப் போட்டுக் கலந்தால் பரந்தன் 1211, மல்லாவி 1196.

பரந்தன் இன்னும் மேலேதான் நிற்கிறது. ஆனால் அது தோற்காததால் கிடைத்த இடம் இல்லை. டிராஃப்டில் நல்ல வீரர்களை எடுத்ததால் கிடைத்த இடம். அந்த வீரர்கள் நிமிடங்களை இழக்காமல் சதவீதத்தில் மட்டும் சறுக்கியிருந்தால் இந்த இடம் நியாயமானது. நிமிடங்களையே இழந்திருந்தால் 1240 என்ற பழைய மதிப்பீட்டைக் குறைத்துவிட்டுக் கணக்கை மறுபடி போட வேண்டும். வலிமை வரிசை எழுதுபவர் ஒவ்வோர் அணிக்கும் கீழே இரண்டு வரியில் இதைச் சொல்லிவிட்டால் பாதி வாக்குவாதம் எழாது.

இரண்டு அணிகளும் இதே சராசரியில் தொடர்ந்தால், நான்காம் வார முடிவில் இரண்டுக்கும் 1205 என்று வந்து நிற்கும். ஐந்தாம் வாரம் மல்லாவி 1212, பரந்தன் 1201. இரணைமடுக் குளத்துக்கு மழை நீர் வந்து சேரும் நவம்பர் கடைசி வாரம் அது. பரந்தன்காரரோடு பரிமாற்றம் பேச விரும்பும் மல்லாவிக்காரர் அந்தத் திங்கள் வரை பொறுத்தால், தன் வீரர்களுக்குச் சரியான விலை கேட்கும் நிலையில் இருப்பார்.